இரும்புப் பெட்டைக்கு எந்தத் திணை

யப்பான்காரர் எங்கள் வீட்டைவிட்டுப் போகும்போது ஒரு மின்விசிறியையும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளையும் ஒரு பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்களையும் விட்டுவிட்டுப் போனார். மிதிவெடி அகற்ற வந்த வெளிநாட்டுக்காரர்களில் அவரும் ஒருவர். மன்னார்க் கரையில், கீரி என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டு முன்னறையில் சில மாதம் வாடகைக்கு இருந்தார். அவர் படித்த தமிழ் ஒரே ஒரு சொல், ‘உறைப்பு’. அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பைத் தின்று, மூக்கால் தண்ணீர் ஓட ஓட அந்தச் சொல்லைச் சொல்வார். அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு அகப்பை ஊற்றுவார்.

மின்விசிறியும் கதிரைகளும் வீட்டுக்கு உதவின. புத்தகங்களை அம்மா கருவாடு சுற்றுவதற்கென்று ஒதுக்கினார். நான் பெட்டியில் இருந்ததிலேயே தடித்த ஒன்றை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது படுத்துக் கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியில் ஒரு ஷெல் விழுந்து, என்னுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைப் பற்றி இங்கே இவ்வளவுதான். அந்தக் கதையைக் கேட்க வருகிறவர்கள் கேட்பதற்கு முன்பே முகத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். அந்த முகத்தைக் கண்டால் எனக்கு விசர் வரும். ஆஸ்பத்திரி, முகாம் எல்லாம் முடிந்து ஊருக்கு வந்தபோது ஒரு பொய்க்கால் தந்திருந்தார்கள். பாவம், அதற்குப் போய் அந்தப் பெயரை வைத்தார்கள். போட்டால் நிற்கும், கழற்றினால் கிடக்கும், அதில் ஒரு பொய்யும் கிடையாது. பொய் சொல்வது இல்லாத கால்தான். இல்லாத குதிக்காலில் கடி எடுக்கும், சொறியலாம் என்று கையைக் கொண்டுபோனால் பாய்தான் இருக்கும்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கவனித்தேன். நான் ‘அது’ ஆகியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை ‘அது’ என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. பால்குடிப் பிள்ளையை, காய்ச்சலில் கிடப்பவரை, இரக்கப்பட வேண்டியவரை எல்லாம் அப்படித்தான் சொல்வோம். அன்பில் சொல்லுகிற சொல். வன்னிக்குப் போகும்முன் நான் வீட்டில் ‘அவள்’. ‘அவள் எங்க ஊர் சுத்துறாள்?’, ‘அவளுக்கு வாய் கூடிப்போச்சு’ என்றெல்லாம்தான் என்னைப் பற்றிப் பேச்சு நடக்கும். இப்போது வேலிக்கு மேலால் யாராவது விசாரித்தால், “அது சாப்பிட்டிட்டுது, அது இப்பதான் படுத்தது” என்று அம்மா குரலைத் தாழ்த்திச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்த ஞாபகம் இருந்தது. மனிதர், தேவர், நரகத்தில் கிடப்பவர் எல்லாரும் உயர்திணை. நரகத்துக்குப் போனாலும் மாறாத திணை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும் மாறிவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிடப் பெரிய அநியாயம், அம்மா என்னை ஏசுவதை நிறுத்தியிருந்தார். அம்மாவின் ஏச்சு கீரியில் பேர்போனது. கரைவலை இழுக்கிறவர்கள் அந்தத் தாளத்துக்குத்தான் இழுக்கிறார்கள் என்று அப்பா உயிரோடு இருந்த காலத்தில் பகிடி விடுவார். அப்படிப்பட்டவர், நான் விளக்குச் சிமினியை உடைத்தபோது, “பரவாயில்லை மோனை, கண்ணாடி எண்டா உடையும்தானே” என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். “நல்லாயிருக்கு” என்று ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, ஒரு செம்பு தண்ணீர் குடித்தார்.

அந்த நேரத்தில்தான் தோட்டவெளிப் பக்கத்தில் முன்பள்ளி நடத்தும் சிஸ்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இடம்பெயர முன்பு நான் முன்பள்ளிப் பயிற்சி முடித்தது அவருக்கு நினைவிருந்தது. அடுத்த பள்ளித் தவணைக்கு ஒரு ஆசிரியை வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“அதுக்கு ஏலாது சிஸ்டர். சின்னப் பிள்ளையள் ஓடித்திரிவினம், தள்ளி விழுத்திப்போடுவினம். அது பாவம்.”

யோசித்துச் சொல்லுங்கோ, தவணை தொடங்கும் வரைக்கும் இடம் இருக்கிறது என்று சிஸ்டர் போய்விட்டார். எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது. அந்த வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பாயோடேயே என் காலம் போய்விடும் என்று தெரிந்திருந்தது. போவதானால் அம்மாவோடு ஒரு சண்டை பிடித்தாக வேண்டும். சண்டைக்கு இரண்டு பேர் தேவை. நான் குரலை உயர்த்தினால் அம்மா கண் கலங்கிக்கொண்டு என் தலையைத் தடவினார். தலையைத் தடவுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஆகவே புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் விளங்காது, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பெரிய நகரம், எந்நேரமும் மழை, தலைக்கு மேல் எங்கே பார்த்தாலும் வயர். எங்கள் தெருவுக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. இத்தனை வயர் உள்ளவர்களுக்கு ஒருநாளும் கரண்ட் போகாது என்று பொறாமைப்பட்டேன். முதற்பக்கத்தில் உடம்பு முழுக்க இரும்பான ஒரு பெண் மழைக்குள் குனிந்து நின்றாள். காலில் ஏதோ ஆணியை முறுக்குகிறாள் என்று நினைத்தேன். பக்கம் போகப் போக அவளுடைய இரும்பு குறைந்தது. முதலில் ஒரு கைக்குத் தோல் வந்தது, பிறகு முகம், பிறகு நெஞ்சு, மற்றக் கை. நடுவில் செத்தவர்கள் எழும்பி நடந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ந்ததால் அது எனக்குப் பெரிய புதினமாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாக வலது கால் வந்தது. முடிவில் அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு கடற்கரையில் இரண்டு காலாலும் ஓடினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய்விட்டது. அதை எத்தனை தரம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அடையாள அட்டைக்கு நகலெடுக்க மன்னார் டவுனுக்குப் போன ஒரு நாள் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனேன். நகலெடுக்கும் கடையில் என் வயதில் ஒரு முஸ்லிம் பெண் வேலை செய்தாள். முசலிப் பக்கத்துக் குடும்பம். சின்ன வயதிலேயே வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்திருந்தாள். புத்தகத்தை வாங்கியவள் அதை ஒரு திருப்புத் திருப்பி, பின்அட்டையால் திறந்து, சரளமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

“பிழையாத் திறக்கிறீங்கள்” என்றேன்.

“நான் சரியாத்தான் திறக்கிறன். நீங்கதான் முடிவில இருந்து வாசிச்சிரிக்கிறீங்க புள்ள. எங்கட அரபு ஓதல் புத்தகமெல்லாம் இந்தப் பக்கத்தாலதான் தொடங்கும். பாருங்க, இங்க கேள்வி கேட்டுட்டு இங்கதான் பதில் சொல்றாங்க.”

உண்மைதான். இதுவரை அந்தப் புத்தகத்தில் எல்லாரும் கேட்கும் முன்பே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள், அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது கதை தலைகீழாகிவிட்டது. கடற்கரையில் ஓடுகிற பெட்டைக்கு முதலில் விபத்து நடக்கிறது. முதலில் போவது கால்தான். பிறகு ஒவ்வொன்றாக இரும்பாகி, கடைசியில் மூளை மட்டும் மிஞ்சுகிறது. நான் கடையிலேயே அழுதுவிட்டேன். அவள் பதறிப்போய், மெஷின் கையைச் சுட்டுவிட்டதா என்று கேட்டாள்.

அப்படித்தான் சிநேகிதிகளானோம். இந்தக் கதையைத் தமிழில் எழுதினால் என்ன என்ற யோசனை அவளுடையது. பழுதாகிப்போன தாள்களின் பின்பக்கத்தில் படங்களை நகலெடுப்போம், முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேச்சுக் குமிழ்களுக்கு டிப்பெக்ஸ் வெள்ளை மை பூசி, அதற்கு மேல் தமிழ் எழுதுவோம். மொழி தெரியாததால் எங்கள் இஷ்டம்தான். யப்பான் எழுத்து மேலிருந்து கீழே போகிறது, குமிழ்கள் ஒடுக்கமாக நெடுப்பமாக இருக்கும். அதற்குள் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற சொல்லை எழுத நான்கு வரி வேண்டும். அதனால் எங்கள் கதையில் வில்லன்கள்கூட ‘வா’, ‘போ’, ‘ஓம்’ என்று சுருக்கமாகவே பேசினார்கள்.

பேச்சு ஒழுங்காகத்தான் போனது. சண்டை வந்தது படத்துக்கு வெளியே பெட்டிக்குள் எழுதுகிற கதையில். ஒரு நாள் அவள் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்: ‘அது எழும்பியது. அது கதவை உடைத்தது.’

“ஆரைச் சொல்லுறாய்?” என்று கேட்டேன். அதற்குள் நாங்கள் நீ, நான் என்று பேசத் தொடங்கியிருந்தோம்.

“இரும்புப் பெட்டையத்தான். உடம்பு முழுக்க மெஷின். மெஷின் அஃறிணை. சோதினையில அப்படி எழுதித்தான் எனக்கு நல்ல மார்க்ஸ் கிடைச்சது.”

“முந்தின பக்கத்தில அவள் எண்டுதானே எழுதினனி?”

“முந்தின பக்கத்துல ஒரு கை மிச்சம் இருந்துச்சு.”

“அப்ப எந்த உறுப்போட அவள் அதுவாகிறாள்? கையோடயா? கண்ணோடயா? கால் போனா அவளா, அதுவா? சொல்லு!”

கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேனையைப் பிடித்தபடி என்னுடைய காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பெட்டிக்கு டிப்பெக்ஸ் பூசினாள். ஆனால் ‘அவள்’ என்று எழுதவும் இல்லை. அவளும் லேசில் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு டவுனுக்குப் போய் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியிலும் அந்த வாக்குவாதம் ஓயவில்லை. மோட்டார் சைக்கிள் பழுதானதால் எங்கள் பங்கு ஃபாதரும் அதே பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தார். நான் அவரையே நடுவராக்கினேன்.

“ஃபாதர், ஒரு பெட்டைக்கு மூளையைத் தவிர மிச்சமெல்லாம் இரும்பு. அவளுக்கு ஆத்துமா இருக்கோ? பூசையில நன்மை அப்பம் குடுப்பீங்களோ?”

ஃபாதர் அவசரப்படாமல் யோசித்தார். “அப்பத்தை வைக்க நாக்கு இருக்கோ?”

“நாக்கும் இரும்பு, ஃபாதர்.”

“ஆனா கதைக்கிறாள்?”

“சரியான வாய், ஃபாதர்.”

“வாய் காட்டிற ஆத்துமா எண்டா எங்கட பங்கில அதுவும் ஒண்டு. பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிக்கொண்டு வா, பாப்பம்.”

நடுவில் கொண்டக்டர் புகுந்தார். அவருக்கு ஆத்துமாவைப் பற்றிக் கவலை இல்லை. “சீற்றில இருந்தா ஆள், டிக்கற் எடுக்கோணும். மேல ஏத்தினா சாமான்” என்று தீர்ப்புச் சொன்னார். பஸ்ஸில் பாதிப்பேர் கொண்டக்டரின் பக்கம் சேர்ந்தார்கள். தன் முடிவைவிட அது தெளிவானது என்று ஃபாதரும் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, கடைசிப் பக்கத்தை, அதாவது என்னுடைய பழைய முதற்பக்கத்தை, இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மழைக்குள் குனிந்து நிற்கிறாள். கை குதிக்காலில் இருக்கிறது. சரியான பக்கத்தால் வாசித்து வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவள் ஆணி முறுக்கவில்லை. எப்போதோ போன காலில் கடி எடுக்கிறது, இரும்பைச் சொறிகிறாள். அதைச் சிநேகிதிக்குச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். அவள் தன் பையிலிருந்து டிப்பெக்ஸை எடுத்தாள்.

“அதுவும் வேணாம், அவளும் வேணாம். முழுக்க ‘நான்’ எண்டு எழுதுவம். ‘நான் எழும்பினேன். நான் கதவை உடைத்தேன்.’ நான் எண்டு சொன்னா ஆம்பிளையா, பொம்பிளையா, மெஷினா எண்டு ஒரு கரைச்சலும் இல்ல. கதையை அவளே சொல்லட்டும்.”

தமிழில் அப்படியொரு வாசல் திறந்துகிடந்ததை நான் அதுவரை கவனிக்கவில்லை. அன்று மத்தியானம் முழுவதும் இருந்து எல்லாப் பெட்டிகளையும் மாற்றினோம். அந்த மகிழ்ச்சியில் அவள் என் அம்மாவின் மாங்காய்ச் சம்பலைத் தின்று தீர்த்தாள்.

தாள்களைக் குத்திக் கட்டி வீட்டில் வைத்தேன். இரண்டொரு நாள் கழித்து, நான் கிணற்றடியில் இருந்து வந்தபோது அம்மா யப்பான்காரரின் கதிரையில் இருந்து அதை வாசித்துக்கொண்டிருந்தார். கருவாடு சுற்ற எடுத்ததுதான். முதலிரண்டு பக்கம் இடறியிருக்கிறது, பிறகு பிடிபட்டுவிட்டது. இரும்புப் பெட்டை தாயிடம் சொல்லாமல் இரவு நகரத்துக்குள் சண்டைக்குப் போகிற இடம். அம்மா கதிரையின் நுனிக்கு வந்திருந்தார்.

“திமிரைப் பாரன் இவள்ர! தாய் ஒருத்தி வீட்டில இருக்கிறாளெண்ட நினைப்பிருக்கோ இவளுக்கு? எருமை, மழைக்குள்ள போறாள், துருப்பிடிச்சுச் சாகப்போறாள்!”

நான் வாசலில் அப்படியே நின்றேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கேட்கிற ஏச்சு, அதே தாளம். ஆனால் எனக்கில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டேன்.

“அம்மா, உடம்பு முழுக்க இரும்பானவள் உங்களுக்கு அவள்! ஒரு காலைக் குறைச்சுக்கொண்டு வந்த நான் அதுவோ? அவளை ஏசுறீங்கள். என்னை ஏன் ஏசேல்லை? நான் ஆளில்லையோ?”

அம்மா தாள்களை மடியில் வைத்தார். வழக்கம்போல எழும்பி வந்து தலையைத் தடவப் போகிறார் என்று பின்னால் ஒரு அடி வைத்தேன். அவர் எழும்பவில்லை.

“ஏச ஏலாதடி. நேர்த்தி.”

“என்ன நேர்த்தி?”

“நீ காயப்பட்டு, எங்க கொண்டுபோனாங்களெண்டே தெரியாமல் கிடந்தன். அப்ப மடு மாதாவிட்டை நேர்ந்தனான். உயிரோட தா, இனி என்ர வாயால அவளை ஒரு சொல் ஏசமாட்டன் எண்டு. கடைசியா நீ வெளிக்கிட்டுப் போகேக்க ஏசித்தானே அனுப்பினனான். அவள் எண்டு வாயெடுத்தா எனக்கு ஏச்சுத்தான் வரும், எனக்கு வேற விதமாக் கதைக்கத் தெரியாது. அதுதான் அது, அது எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்.”

நாங்கள் இருவரும் அழுதோம். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மாவிடம் ஏச்சை வாங்கி வைத்துக்கொண்டு மாதா என்ன செய்வா என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. நேர்த்தி என்றால் நேர்த்திதான், பகிடி விடாதே என்றார். பகிடி விடாதே என்றதும் ஏச்சோ என்று பயந்து, உடனே சிலுவை போட்டுக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவை ஃபாதரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நேர்த்தியை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் பங்குக் குருவுக்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதர் என்னுடைய பக்கம் திரும்பி, “இந்த இரும்புப் பெட்டைக்காகத்தானோ அண்டைக்குப் பஸ்ஸில கேட்டனீ?” என்றார். பிறகு அம்மாவிடம் சொன்னார்:

“மாதா கேட்டதைத் தந்திட்டா. நீங்கள் நேர்ந்ததையும் இவ்வளவு காலம் காப்பாத்தினீங்கள், அது போதும். இனி நேர்த்தியை மாத்துவம். ஏசுங்கோ. ஏசி முடிய ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கோ.”

“ஒவ்வொரு ஏச்சுக்குமோ ஃபாதர்?” என்று அம்மா கேட்டார். குரலில் உண்மையான கவலை இருந்தது.

“அப்பிடியெண்டா நீங்கள் சமைக்க நேரம் கிடையாது. ஒரு நாளைக்கு ஒண்டு போதும்.”

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஏசவில்லை. அடுத்த நாளும் இல்லை. நல்ல சீலை எடுத்து வைத்திருப்பவர்கள் நாள் பார்ப்பது போல ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிஸ்டரிடம் வருகிறேன் என்று ஆள் விட்டேன். அதை அம்மாவிடம் சொல்லியும் ஏச்சில்லை. அதுக்கு ஏலாது என்றும் சொல்லவில்லை.

தவணை தொடங்கிய காலை, காலைப் பூட்டி, சீலையைச் சரிசெய்து, முற்றத்துக்கு இறங்கினேன். சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க மறந்து வேலிப் படலையைத் திறந்துவிட்டேன். பின்னால் அம்மாவின் குரல் வந்தது.

“எடியேய்! சோத்துப் பெட்டியை ஆர், உன்ர யப்பான்காரனோ கொண்டுவந்து தருவான்? எருமை! விடியத் தொடக்கம் கண்ணாடிக்கு முன்னால நிண்டு மினுக்கத் தெரியுது, சோத்தை எடுக்கத் தெரியேல்லை! பாருங்கோ சனங்களே, படிப்பிக்கப் போறாளாம், தன்ர சாமானையே ஒழுங்கா வைக்கத் தெரியாதவள்!”

அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். எத்தனையோ நாளாய் அடங்கிக் கிடந்த குரல், முதலில் கொஞ்சம் கரகரத்தது, பிறகு சூடுபிடித்தது. என் செருப்பை ஏசினார், என் பின்னலை ஏசினார், அப்பாவின் பரம்பரையையே இழுத்து ஏசினார். பெட்டியை என் கையில் திணித்துவிட்டு, பஸ் போய்விடும், நடையடி என்று விரட்டினார். நான் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கிய பிறகும் ஏச்சு பின்னால் வந்துகொண்டே இருந்தது.

மெதுவாக நடந்தேன். அதற்குக் கால் காரணமில்லை.